கோடையில் ஒரு வாரம் பழைய இசை: எந்தப் பள்ளியில் சேர்வது, எப்படித் தயாராவது?

கேள்வி: சென்னையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பல ஆண்டுகளாக ஆல்டோ பாடுகிறேன். டிரெபிள் ரெக்கார்டர் என்ற ஊதுகுழலும் ஓரளவு வாசிப்பேன். சிறுவயதில் கர்நாடக இசை கற்றிருக்கிறேன். அடுத்த கோடையில் இங்கிலாந்தில் அண்ணன் வீட்டில் தங்கப்போகிறேன். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரு வாரம் ஒரே இடத்தில் தங்கி எர்லி மியூசிக், அதாவது மறுமலர்ச்சி, பரோக் (17, 18ஆம் நூற்றாண்டு) காலங்களின் பழைய ஐரோப்பிய இசை கற்கும் கோடைப் பள்ளிகள் அங்கே நடக்கின்றன என்று கேள்விப்பட்டேன். என் தரத்துக்கு அவை சரிப்படுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தாராளமாகச் சேரலாம். ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்துப் பாடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. பல ஆண்டு குழு அனுபவமும் இருக்கிறது. இந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை உங்களைப் போன்றவர்களுக்காகவே நடக்கின்றன. ஆசிரியர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். மாணவர்களோ டாக்டர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், இடையிடையே சில இசைக் கல்லூரி மாணவர்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது ஆசிரியரின் பெயரையும் ஊரின் அழகையும்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. ஒரு வரியை, அதாவது சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு குரலுக்கும் எழுதிய தனிப் பகுதியை, அங்கே எத்தனை பேர் சேர்ந்து பாடுகிறார்கள்? நாளில் பாதி நேரமாவது வரிக்கு ஒருவர் என்ற முறையில் சிறு குழுவாக உட்கார வைக்கும் பள்ளி என்றால் அதில் சேருங்கள். வாரம் முழுவதும் அறுபது பேரோடு நின்று பாட வைக்கும் பள்ளி இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அனுபவம் உங்களுக்குச் சென்னையிலேயே கிடைக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 16, 17ஆம் நூற்றாண்டு இசையில் பெரும்பகுதி அப்படிப் பாடவும் வாசிக்கவும்தான் எழுதப்பட்டது. ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் மார்லி 1597இல் வெளியிட்ட இசைப் பாடநூல் ஓர் உரையாடலாகத் தொடங்குகிறது. விருந்துக்குப் போன ஓர் இளைஞனிடம், சாப்பாடு முடிந்ததும் வீட்டு அம்மாள் வரிப்புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் பாடச் சொல்கிறார். எனக்குத் தெரியாது என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறான், யாரும் நம்பவில்லை. இவனை எப்படி வளர்த்தார்களோ என்று சிலர் காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த வெட்கத்தில்தான் அவன் ஆசிரியரைத் தேடிப் போகிறான். விருந்தினர் நான்கைந்து பேர், ஆளுக்கொரு புத்தகம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி. வில்லியம் பேர்டின் மோட்டெட்டுகளும் (லத்தீன் வழிபாட்டுப் பாடல்கள்) மார்லியின் மாட்ரிகல்களும் (பல குரல் உலகியல் பாடல்கள்) புழங்கிய உலகம் அதுதான்.

இந்த இசையை இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்தவர்களும் வீட்டிலிருந்தே தொடங்கினார்கள். பிரான்ஸில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆர்னல்ட் டோல்மெட்ச், லூட் (மீட்டும் தந்தி வாத்தியம்), காம்பா (கால்களுக்கு இடையே வைத்து வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம்), ரெக்கார்டர் என்று வழக்கொழிந்துபோன வாத்தியங்களைத் தன் பட்டறையில் மறுபடி செய்தார். குடும்பத்தோடு சேர்ந்து அவற்றை வாசித்தார். 1925இல் சர்ரே மாவட்டத்தின் ஹாஸில்மியரில் விழா ஒன்றைத் தொடங்கினார். 1937இல் ரெக்கார்டர் வாசிப்போர் சங்கமும் 1948இல் வயலா ட காம்பா சங்கமும் இங்கிலாந்தில் உருவாயின. அதே 1948இல் இசை விமர்சகர் வில்லியம் கிளாக் பிரையன்ஸ்டன் பள்ளிக் கட்டடத்தில் ஒரு கோடை இசைப் பள்ளியைத் தொடங்கினார். 1953இல் அது டெவனில் உள்ள டார்ட்டிங்டன் ஹாலுக்கு இடம்பெயர்ந்தது. அது பழைய இசைக்கு மட்டுமான பள்ளி அல்ல. ஆனாலும் கலைஞர்களும் ஆர்வலர்களும் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒன்றாகப் பாடும் வழக்கம் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கோடை விடுமுறையில் உறைவிடப் பள்ளிகளும் பல்கலைக்கழக விடுதிகளும் காலியாகக் கிடக்கும். கச்சேரிப் பருவம் முடிந்து கலைஞர்களும் ஓய்வாக இருப்பார்கள். இந்தப் பயிற்சிகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குவிந்துகிடப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலை உணவுக்குப் பின் எல்லோரும் கூடி ஒரு பெரிய படைப்பைப் பயில்வார்கள். கேப்ரியேலியின் பல பாடகர் குழுப் பாடல்களாகவோ மான்டெவெர்டி 1610இல் வெளியிட்ட மாலை வழிபாட்டு இசையாகவோ அது இருக்கலாம். ஆள் பலம் இருந்தால் டாலிஸின் நாற்பது வரிப் பாடலைக்கூட எடுப்பார்கள். அதில் ஐந்து வரிகள் வீதம் எட்டுக் குழுக்கள். தேநீருக்குப் பிறகு சிறு குழுக்கள். மதியம் கொஞ்சம் ஓய்வு, தனி வகுப்பு அல்லது நடன வகுப்பு. அதன்பின் மறுபடியும் சிறு குழுக்கள், ஆனால் வேறு ஆட்களோடு. இரவில் ஆசிரியர்களின் கச்சேரி. அதற்குப் பிறகுதான் நான் மிகவும் விரும்பும் நேரம். யாரோ ஒருவர் இசை நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, 'ஐந்து வரி இருக்கிறது, ஒரு டெனர் குறைகிறது' என்று நடைக்கூடத்தில் ஆள் தேடுவார். அங்கே ஆசிரியர் கிடையாது. நள்ளிரவு தாண்டியும் பாட்டு நடக்கும். ஒரே இடத்தில் தங்குவதன் முழுப் பயன் இங்கேதான் இருக்கிறது. அண்ணன் வீட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகலாம் என்று நினைத்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வரிக்கு ஒருவராகப் பாடுவதில் என்ன புதிதாகக் கிடைக்கும்? பேர்ட் 1605இல் அச்சிட்ட 'ஆவே வேரும் கார்ப்புஸ்' உங்கள் குழுவும் பாடியிருக்கக்கூடிய பாடல். நான்கே வரிகள். ஜி மைனரில் பாடினால், தொடக்கத்தில் 'வேரும்' என்ற சொல்லில் சொப்ரானோ எஃப் ஷார்ப் (அரைச்சுரம் உயர்த்திய எஃப்) பாடுகிறார். அது காதில் இருக்கும்போதே 'கார்ப்புஸ்' என்ற சொல்லுக்கு பாஸ் ஷார்ப் இல்லாத எஃப் சுரத்துக்கு வருகிறார். இரண்டும் ஒன்றோடொன்று உரசும். முப்பது பேர் பாடும்போது அந்த உரசல் கரைந்துவிடும். நான்கு பேராக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து பாடும்போது, சொப்ரானோவின் சுரம் முடிந்த இடத்தை பாஸ் பாடுபவர் கேட்டுத்தான் தன் சுரத்தை வைக்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் பாட்டே கெடும். சரியாக வைத்தால் உடல் சிலிர்க்கும். ஆல்டோவாகிய நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருப்பீர்கள். உங்கள் சுரத்தை வைத்துத்தான் அவர்கள் இருவரும் தங்கள் சுரத்தைச் சரிபார்ப்பார்கள். பாடகர் குழுவில் பத்தாண்டுகள் பாடியும் இது தெரியாமலே போகலாம். சிறு குழுவில் ஒரே காலையில் தெரிந்துவிடும்.

வாத்தியக்காரர்களுக்கு இன்னோர் உதாரணம். ஹென்றி பர்செல் 1680இல், இருபது வயதில், காம்பாக் குழுவுக்கு ஃபான்டசியா என்ற வாத்தியப் படைப்புகளை எழுதினார். நான்கு வரிப் படைப்புகளின் மேல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான தேதிகள் இருக்கின்றன. அதே கைப்பிரதியில் ஐந்து வரி ஃபான்டசியா ஒன்று உண்டு. அதில் ஒரு வரிக்கு முதலிலிருந்து கடைசிவரை ஒரே சுரம், நடு சி. குழுவில் ஆகப் புதியவருக்கு அந்த வரியைக் கொடுப்பது வழக்கம். சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் பாடல் எஃப் மேஜரில் இருக்கிறது. ஆகவே தொடக்கத்தில் உங்கள் சி பஞ்சமம். மற்ற நால்வரும் சி மேஜருக்குப் போகும்போது அது ஷட்ஜமம். ஏ மைனருக்குப் போனால் அதுவே சாதாரண காந்தாரம். கிரகபேதம் (ஆதார ஷட்ஜத்தை இடம் மாற்றுவது) கேட்டுப் பழகிய காதுக்கு இது எவ்வளவு பெரிய விருந்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வில் அசைவு ஒன்றுதான், சுரம் ஒன்றுதான். சுற்றி இருப்பவர்களைக் கேட்டு அதன் கனத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் கர்நாடக இசைப் பயிற்சி இங்கே வீண் போகாது. பியானோவின் சமப்படுத்திய சுருதியில் மேஜர் மூன்றாம் சுரம், அதாவது அந்தர காந்தாரம், 400 சென்ட் (பியானோவின் ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). தம்பூராவில் தானாக எழும் சுயம்பு காந்தாரம் ஏறத்தாழ 386 சென்ட். பழைய இசை வகுப்பில் ஆசிரியர் வாரம் முழுவதும் கேட்பது அந்தத் தாழ்ந்த காந்தாரத்தைத்தான். மறுமலர்ச்சிக் கால இசைக்கு ஹார்ப்சிகார்டை (பியானோவுக்கு முந்தைய விசை வாத்தியம்) சுருதி சேர்க்கும் ஒரு முறையில் எட்டு மேஜர் மூன்றாம் சுரங்கள் சுத்தமாக அமையும்; அதற்கு விலையாகப் பஞ்சமங்களை ஐந்து சென்ட்டுக்குச் சற்று மேல் குறைத்துக்கொள்வார்கள். அந்த முறையில் ஜி ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் ஒன்றல்ல. இடையில் 41 சென்ட் வித்தியாசம். பியானோவில் மட்டும் வளர்ந்தவர்கள் முதல் நாள் திணறுவார்கள். தம்பூராவோடு வளர்ந்த உங்களுக்கு, இதுதானே காந்தாரம் என்று இருக்கும். மனோதர்மமாக அணி சேர்த்துப் பாடுவதும் அப்படியே. சில்வெஸ்ட்ரோ கனாசி 1535இலும் தியேகோ ஒர்ட்டீஸ் 1553இலும் அச்சிட்ட நூல்கள், நீண்ட சுரங்களைச் சின்னச் சின்ன சுரங்களாக உடைத்து அழகுபடுத்தும் கலையைத்தான் கற்றுத் தருகின்றன. அதற்கென்று தனி வகுப்பு வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சேர்ந்திசையின் நடு வரிகளில் சுரத்தை ஆட்டக் கூடாது. கமகம் பழகிய குரல் தானாக அசையும். அது அசைந்தால் பக்கத்தில் இருப்பவருக்குப் பிடிப்புப் போய்விடும். அணிகளை எல்லாம் முடிப்புக்கு முந்தைய சுரத்தில், அதுவும் உங்கள் வரிக்குரிய இடத்தில் மட்டும் வையுங்கள்.

வரிப்புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில பள்ளிகளில் ஒரு வகுப்பாவது பழைய அச்சின் நகலிலிருந்தே பாடச் சொல்வார்கள். அதில் தாளத்தைப் பட்டை பட்டையாகப் பிரிக்கும் கோடுகள் இருக்காது. மற்ற வரிகளும் இருக்காது. ஒருவர் ஒரு மௌன அளவைத் தவறவிட்டால் ஐந்து பேரும் கலைவார்கள். 'எழுபதாம் பட்டையிலிருந்து' என்று தொடரவும் வழியில்லை, ஏனென்றால் பட்டையே கிடையாது. ஆரம்பத்திலிருந்துதான் பாட வேண்டும். முதல் அரை மணி நேரம் அழுகை வரும். அதன்பிறகு கண் தாளிலிருந்து மெல்ல விலகி, காது வேலை செய்யத் தொடங்கும். எங்கே ஷார்ப் சேர்ப்பது என்பதையும் அச்சில் முழுவதும் போட்டிருக்க மாட்டார்கள்; முடிப்பு வருகிறது என்பதைக் கேட்டு நீங்களே சேர்க்க வேண்டும். இப்படி ஒரு வகுப்பு இருக்கும் பள்ளிக்கு என் மனத்தில் தனி மதிப்பெண்.

வாத்தியச் சுருதி விஷயத்தில் முன்கூட்டியே தெளிவாக இருங்கள். பரோக் வாரங்களில் பெரும்பாலும் ஏ சுரம் 415 ஹெர்ட்ஸ், அதாவது இன்றைய 440ஐவிட ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்வு. பிரெஞ்சு இசைக்கு 392 வரைகூட இறங்குவார்கள். கார்னெட்டு, சாக்பட் என்ற பழைய ஊதுவாத்தியங்களை வாசிப்பவர்கள் 466க்கு ஏறுவதும் உண்டு. காம்பாவின் தந்தியைத் தளர்த்திக்கொள்ளலாம். ரெக்கார்டரை ஒன்றும் செய்ய முடியாது, 415க்குத் தனி வாத்தியம் வேண்டும். ஆகவே முதல் முறை மறுமலர்ச்சிக் கால இசை வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே 440 ரெக்கார்டர் பெரும்பாலும் போதும். யமஹா பிளாஸ்டிக் ரெக்கார்டரைக் கொண்டுபோக வெட்கப்பட வேண்டாம். சுருதி சுத்தமாக இருக்கும், நல்ல ஆசிரியர்கள் அதைக் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் உங்களுடையது ஜெர்மன் விரலமைப்பா, பரோக் விரலமைப்பா என்று பாருங்கள். பின்பக்கம் ஜி என்ற எழுத்து இருந்தால் ஜெர்மன், பி இருந்தால் பரோக். ஜெர்மன் விரலமைப்பு உள்ளதை இங்கேயே விட்டுவிட்டு மற்றதை வாங்கி மூன்று மாதம் பழகிக்கொள்ளுங்கள். ரெக்கார்டர் குழுவில் டெனரும் பாஸும் வாசிப்பவர்களுக்குத்தான் எப்போதும் கிராக்கி. டெனர் வாத்தியத்தில் சி விரலமைப்பு வந்துவிட்டால் உங்களைக் கூப்பிடாத குழு இருக்காது.

குரலிலும் ஒரு நெளிவுசுளிவு இருக்கிறது. அந்தக் கால ஆல்டோ வரிகள் பெரும்பாலும் உச்ச ஆண் குரலுக்கு எழுதப்பட்டவை; நடு சிக்குக் கீழே எஃப் வரைகூட இறங்கும். பெண் ஆல்டோக்கள் பலர் டெனர் வரிக்கும் போய் வருவார்கள். தாழ்ந்த ஜி உங்களுக்குத் தெளிவாக ஒலிக்கும் என்றால் அதைப் படிவத்தில் எழுதுங்கள். டெனர் எங்கும் பற்றாக்குறை. சொப்ரானோ, ஆல்டோ இடங்கள்தான் முதலில் நிரம்பும்.

இனி இடங்கள். டர்ஹாமில் நடக்கும் நார்விஸ் கோடைப் பள்ளி ரெக்கார்டருக்கும் காம்பாவுக்கும் பெயர் பெற்றது. குரலுக்கும் அங்கே இடம் உண்டு. பாட்டு, வாத்தியம் இரண்டையும் கையில் வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கேம்பிரிட்ஜில் மறுமலர்ச்சி, பரோக் என்று தனித்தனியாகக் கோடைப் பயிற்சி நடத்தும் மரபு இருக்கிறது. அங்கே நோட்டைப் பார்த்துப் பாடும் வேகம் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்ப்பார்கள். இத்தாலியில் உர்பினோ நகரத்தின் கோடைப் பயிற்சி பழமையானது. ஊரே ஒரு மறுமலர்ச்சிக் கால அரண்மனையைச் சுற்றி அமைந்தது, ஆசிரியர் குழுவும் பெரியது. ஆனால் தனி வகுப்புகளின் எடை அங்கே அதிகம். ஒரு வாத்தியத்தில் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு ஏற்றது. அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரி 1972 முதல் பரோக் பயிற்சி நடத்துகிறது. அது தேர்ச்சி பெற்றவர்களை மனத்தில் வைத்தது, உங்களுக்கு இப்போது வேண்டாம். எந்தப் பள்ளியாக இருந்தாலும் அந்த ஆண்டின் தேதி, இடம், கட்டணத்தை அவர்களிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டடம் கிடைக்காமல் ஊர் மாறுவது இவற்றில் சகஜம்.

கோடைப் பள்ளிக்கு முன்பே இங்கிலாந்து வந்துவிடுவீர்கள் என்றால் இன்னொரு வழி. பழைய இசை மன்றங்கள் நாட்டின் பல பகுதிகளில் இயங்குகின்றன. தேம்ஸ் பள்ளத்தாக்கு மன்றம் லண்டன்காரர்களுக்கு அருகில் உள்ளது. சனி, ஞாயிறுகளில் ஒருநாள் பயிலரங்கு நடத்துவார்கள், கட்டணம் குறைவு. அப்படி ஒன்றிரண்டுக்குப் போனாலே, கோடைப் பள்ளியில் உங்கள் இடம் எது என்பது புரிந்துவிடும். காம்பா தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் வயலா ட காம்பா சங்கம் வாத்தியங்களை வாடகைக்குத் தருகிறது. ஆறு தந்தி, கழுத்தில் கட்டிய ஏழு மெட்டுகள், வில்லை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கப் பிடிக்கும் முறை. வயலின் தெரியாதவர்களுக்கும் ஒரு வாரத்தில் எளிய வரி வாசிக்க வரும்.

செலவைச் சொல்லாமல் இருப்பது நியாயமல்ல. அறை, மூன்று வேளை உணவு, கற்பித்தல் எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்குப் பல நூறு பவுண்டு ஆகும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. பல பள்ளிகளில் உதவித்தொகை இருக்கிறது. இளைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் முன்னுரிமை தருவார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வருகையாளர் விசாவில் வருபவர்கள் 30 நாட்களுக்கு மிகாத பொழுதுபோக்குப் பயிற்சியில் சேர விதிகள் அனுமதிக்கின்றன. ஆனாலும் விசா விண்ணப்பத்திலேயே இதைக் குறிப்பிட்டு, பள்ளியின் உறுதிக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். சைவம் என்றால் படிவத்தில் எழுதினால் போதும். மாணவர் விடுதி அறைதான். குளியலறை பொதுவாக இருக்கலாம். நம்மவர்கள் மிகக் குறைவு, நடு வயதைத் தாண்டியவர்கள் அதிகம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் கொஞ்சம் தனிமையாக இருக்கும். மறுநாள் ஒரே மோட்டெட்டை ஐந்து பேர் சேர்ந்து ஒப்பேற்றியதும் அந்தத் தனிமை போய்விடும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: மடக்கும் நோட்டுத் தாங்கி, பென்சில்கள், அழிப்பான், சுருதிக் கருவி, ஒரு ஸ்வெட்டர். பேனாவை நோட்டில் வைக்கவே கூடாது. அவை பெரும்பாலும் இரவல் நோட்டுகள்.

தயாரிப்புக்கு ஆறு மாதம் இருக்கிறது. பொது உரிமைக்கு வந்துவிட்ட நோட்டுகளை இலவசமாகத் தரும் இணையத் தளங்களிலிருந்து விக்டோரியா, பலஸ்ட்ரீனா, பேர்ட் ஆகியோரின் நான்கு வரி மோட்டெட்டுகளை எடுங்கள். வாரம் ஒன்று போதும். அதே மோட்டெட்டின் ஒலிப்பதிவைத் தாழ்ந்த ஒலியில் ஓடவிட்டு, உங்கள் வரியை மட்டும் பார்த்து நிற்காமல் பாடுங்கள். தவறினால் நிறுத்தக் கூடாது. எங்கே ஏறிக்கொள்வது என்று காதால் தேடுங்கள். கோடைப் பள்ளியில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்தத் தேடும் திறமைதான். பிசகாமல் பாடுவது அதற்கு அடுத்தபடிதான். தாளத் துடிப்பைக் கால் கால அளவுள்ள சுரத்தில் (குரோட்செட்) எண்ணும் பழக்கத்தை விட்டு, அரைக் கால அளவுள்ள சுரத்தில் (மினிம்) எண்ணப் பழகுங்கள். இந்த இசையின் நொட்டேஷன் அப்படித்தான் ஓடும். உங்கள் குழுவிலேயே இன்னும் மூன்று பேரைப் பிடித்து, பயிற்சி முடிந்தபின் அரை மணி நேரம் வரிக்கு ஒருவராகப் பாடிப் பாருங்கள்.

கடைசியாக விண்ணப்பப் படிவம். அதில் 'உங்கள் தரம் என்ன?' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை வைத்துத்தான் வாரம் முழுவதற்கும் குழு பிரிப்பார்கள். ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் தன் தரத்தை உயர்த்தி எழுதிவிட்டு வந்து சேர்ந்தார். ஐந்து நாளும் அவருக்கு வேதனை, எங்களுக்கும் பாடல் ஒன்றுகூட முழுமையாக நிற்கவில்லை. அடக்கத்தில் குறைத்து எழுதுவதும் அதே அளவு கெடுதல்தான். எளிய நோட்டுகளோடு வாரம் முழுவதும் சலித்துப்போவீர்கள். 'நன்றாகப் பாடுவேன்', 'சுமாராகப் பாடுவேன்' என்றெல்லாம் எழுத வேண்டாம். கடந்த ஓராண்டில் பாடிய மூன்று படைப்புகளின் பெயர், ஒரு வரியில் உங்களோடு எத்தனை பேர் பாடினார்கள், தனியாக ஒரு வரியை நிறுத்திய அனுபவம் உண்டா, குரலின் கீழ் எல்லையும் மேல் எல்லையும், ரெக்கார்டரில் எந்தெந்த அளவுகள் கைவசம், அதன் சுருதி எவ்வளவு என்பவற்றை எழுதுங்கள். ஆல்டோ இடங்கள் சீக்கிரம் நிரம்பும் என்பதால், அறிவிப்பு வந்த வாரத்திலேயே படிவத்தை அனுப்பிவிடுங்கள்.